டேங்க் ஓட்டையில் பசை அப்பச் சொல்லும் அன்பர்களுக்கு

 

என் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்த யோசனைகள்: "சோப்பைத் தேயுங்க சார்." "எபாக்சியை அப்புங்க." "டேங்கைக் காலி பண்ணி கேஸ் வெல்டிங் போட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலை." கடைசி யோசனை சொன்னவர் என்னிடம் ஏழாம் வகுப்பு அறிவியல் படித்தவர். அதுதான் வலிக்கிறது.

காலி டேங்க் என்று ஒன்று கிடையாது தம்பி. பெட்ரோலைக் கவிழ்த்தாலும் ஆவி உள்ளேயே இருக்கும். அது காற்றைவிடக் கனமானது, தானாக வெளியேறாது. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை அந்த ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். "முப்பது வருஷமா இப்படித்தான் பண்றோம்" என்றார் ஒரு பட்டறைக்காரர். பண்ணிப் பிழைக்காமல் போனவர்கள் வந்து பின்னூட்டம் போடுவார்களா?

சோப்பு, அவசரத்துக்கு உதவும், மறுக்கவில்லை. பெட்ரோலில் அது கரையாது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி பட்டறை வரை வண்டி போய்விடும். ஆனால் ஆல்கஹாலில் சோப்பு கரையும். இன்றைய பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால்!

எபாக்சிக்காரர்களிடம் ஒரு கேள்வி. நம் ஊரில் பைபர் படகில் ஓட்டை விழுந்தால் ஈரத்தோடு யாராவது ரெசின் தடவுவார்களா? கரையேற்றி, காயவைத்து, தேய்த்து, அப்புறம்தானே மேட் வைக்கிறார்கள்? படகுக்குத் தெரிந்த நியாயம் காருக்கு ஏன் மறந்துபோகிறது? பெட்ரோல் கசிந்துகொண்டிருக்கும் தகரத்தில் எந்தப் பசையும் நிற்காது.

அதைவிடப் பெரிய விஷயம், ஓட்டை வெளியிலிருந்து மட்டும் விழுவதில்லை. காட்டுப்பள்ளியில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி. ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிறது. பாதி நிரம்பிய டேங்க் ராத்திரி குளிரும்போது ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் தண்ணீராகி அடியில் தங்கி, தகரத்தை உள்ளிருந்து அரிக்கும். நீங்கள் ஒரு ஊசித்துளையை அடைப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று தயாராகிக்கொண்டிருக்கும்.

இதில் எத்தனால் வேறு. அது ஈரத்தை இழுக்கும். பழைய டேங்குகளின் ஈயப் பூச்சையும் பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். அமெரிக்காவில் எத்தனால் பெட்ரோல் வந்தபோது பழைய படகுகளின் பைபர் டேங்க் ரெசினே கரைந்து எஞ்சினுக்குள் போனது. கரும்பு விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் பழைய வண்டிகளுக்காக இ10 பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னதே, அது எங்கே? தேர்வுரிமை கேட்டுப் போன பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. பெருங்களத்தூரில் செய்த நம் ஊர் வண்டி, எங்கள் பக்கத்து பங்கில் ஊற்றுவதைத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது.

என்னதான் செய்வது என்கிறீர்களா? டேங்கை இறக்குங்கள். சோப்புத்தூள் கலந்த கொதிநீரில் பலமுறை அலசுங்கள். சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ரேடியேட்டர் பழுது பார்க்கும் பழைய கைகளைத் தேடிப் பிடியுங்கள். தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, தள்ளி வைத்துச் சூடாக்கிய இரும்பால் ஈயப் பத்து வைப்பார்கள். தீச்சுவாலை டேங்க் பக்கமே வரக்கூடாது. காற்றை லேசாக ஏற்றி, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். கடைசியாக உள்ளே எபாக்சி பூச்சு, எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும். தகரம் காகிதமாகிப் போயிருந்தால் இத்தனையும் வீண், புது டேங்க் செய்துகொள்ளுங்கள்.

ஞாயிறு காலை என் டேங்கை இறக்குகிறேன். வெல்டிங் சொன்ன தம்பி, நீயும் வா. தீப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வா.