மேல்விலாசம் யாருக்காக?



சிலுவையின்மேல் பிலாத்து வைப்பித்த மேல்விலாசம் மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. அந்த இடமும் ஊருக்கு அருகே இருந்தபடியால் அநேகர் அதை வாசித்ததாக யோவான் சுவிசேஷத்தில் காண்கிறோம். எழுதினவனுடைய எண்ணம் எதுவாயினும், ஒரு தலைப்பின் வேலை இன்னதென்று அதில் விளங்குகிறது: வழியே போகிறவனும் தன் மொழியில் வாசித்து, இது எதைக் குறித்தது என்று அறிய வேண்டும்.

இன்று நம் சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலை விற்பவரும், பூ வியாபாரியும், சபையின் வாலிபரும் இணையத்தில் பக்கம் வைக்கலாம். அப்பக்கத்திற்கு ‘முகப்பு’ என்றோ, ‘நல்வரவு’ என்றோ, ‘இந்த வாரச் செய்தி’ என்றோ தலைப்பிட்டால் தேடுகிறவனுக்கு அதனால் என்ன பயன்? 1995-இல் வெளிவந்த எச்.டி.எம்.எல். 2.0 விதிமுறையே, ‘அறிமுகம்’ போன்ற தலைப்பு தனியே நின்றால் பொருளற்றுப்போகும் என்று எச்சரித்தது. தலைப்பு 64 எழுத்துக்குறிகளுக்குக் குறைவாக இருப்பது நலம் என்றும் கூறியது. கூகுளோ எண்ணிக்கையைப் பாராமல், திரையின் அகலத்திற்கு மிஞ்சியதை வெட்டிவிடுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆகவே பொருள் முதலிலும், ஊர் அடுத்தும், நிறுவனத்தின் பெயர் கடைசியிலும் வருவதே தகும். ‘விசைத்தறிப் பருத்திச் சேலை மொத்த விற்பனை – சங்கரன்கோவில்’ என்பது போதும்.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் உச்சரிப்புக்கு இசைய மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. நம் ஊரின் பெயரும் ஆங்கிலத்தில் ‘கோவில்’ என்றும் ‘கோயில்’ என்றும் இருவிதமாய் முடிகிறது. 2019 நவம்பர் முதல் நம் மாவட்டம் தென்காசி. பழக்கத்தினால் திருநெல்வேலி என்று தேடுகிறவரும் இருப்பர். இவை யாவையும் தலைப்பில் அடுக்கினால் அது தலைப்பாயிராது, சொற்குவியலாகும். வழக்கிலுள்ள பெயர் ஒன்றைத் தலைப்பில் இட்டு, மற்றவற்றைப் பக்கத்தினுள் இயல்பாக எழுதுங்கள்.

இது ஜனங்களை இழுக்கும் தந்திரமல்லவா என்று சிலர் கேட்கலாம். உள்ளே இல்லாததைத் தலைப்பில் காட்டுவதே தந்திரம். ‘அதிர்ச்சித் தகவல்’ என்று அழைத்து, உள்ளே ஒன்றுமில்லாமல் அனுப்புவது நம்பி வந்தவனை ஏமாற்றுவதாகும். உள்ளதை உள்ளபடி பெயரிட்டு அழைப்பதோ உண்மையின் ஒரு பகுதி. பக்கத்தைச் சரியாக விவரியாத தலைப்பிற்குப் பதிலாகப் பக்கத்தினுள் இருக்கும் பெரிய தலைப்பை எடுத்துக் காட்டக்கூடும் என்று கூகுள் 2021 ஆகஸ்டில் அறிவித்தது. தலைப்பு ஒன்றினால் மாத்திரம் எந்தப் பக்கமும் முதலிடம் பெறாது என்பதும் மெய்யே. ஆயினும் பெயரில்லாத கதவை யார் தட்டுவார்?

பிரியமானவர்களே, இவ்வூருக்குப் புதிதாய்க் குடிவந்த ஒரு குடும்பம் ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு என்று இரவில் தேடலாம். தூரதேசத்தில் இருக்கும் மகன் தாயாருக்கு மருந்து கிடைக்கும் கடையைத் தேடலாம். நம் பக்கம் இருந்தும் ‘முகப்பு’ என்ற பெயரில் மறைந்து கிடந்தால், அது அவர்களுக்கு இல்லாததற்குச் சமம். ஆகையால் பதிவிடுமுன் தலைப்பை மாத்திரம் தனியே எழுதி, நம்மை அறியாத ஒருவரிடம் காட்டுங்கள். என்ன, எங்கே, யாருக்கு என்று அவர் சொல்லக்கூடுமானால் அது நல்ல தலைப்பு. சொல்லக்கூடாமற்போனால், அவருக்காக அதைத் திருத்தி எழுதுங்கள்.