சேலை கட்டிய பூச்சாண்டி

'எவன் வேண்டுமானாலும் சேலையைச் சுற்றிக்கொண்டு, நான் பெண் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்துவிடலாமா?' நெய்வேலி நண்பர் ஒருவர் எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கும் கட்டுரை இப்படித் தொடங்குகிறது. பாலினத்தை அவரவரே அறிவித்துக்கொள்ளும் உரிமை பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ஆபத்து என்பது அவர் கட்சி. கட்டுரையில் லண்டன் வருகிறது, ஸ்காட்லாந்து வருகிறது, ஹாரி பாட்டர் எழுதிய அம்மையார் வருகிறார். கடலூர் மாவட்டம் மட்டும் வரவில்லை. ஆண்டுதோறும் சித்திரையில் நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் வந்து கூடும் கூவாகம், உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதுவும் அவர் கண்ணில் படவில்லை.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆண், பெண், மூன்றாம் பாலினம் என ஒருவர் தம்மை எப்படி உணர்கிறாரோ அப்படியே அறிவித்துக்கொள்ளலாம். அறுவை சிகிச்சை செய்துகொண்டால்தான் ஏற்போம் என்பது சட்டவிரோதம். நண்பர் படிப்பை இத்தோடு நிறுத்திக்கொண்டார். 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இந்தத் தீர்ப்பையே பாதி வெட்டிப்போட்டது. மாவட்ட ஆட்சியரிடம் உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பித்தவருக்கு அது தந்தது 'திருநர்' என்ற சான்றிதழ். அதைப் 'பெண்' என்றோ 'ஆண்' என்றோ மாற்ற, அறுவை சிகிச்சை நடந்ததற்கு மருத்துவ அதிகாரியின் சான்றைக் கேட்டது 7ஆவது பிரிவு. திருநங்கையரும் திருநம்பியரும் தெருவில் இறங்கிப் போராடியது இதை எதிர்த்துத்தான். அந்தச் சட்டத்தின் மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி மாநிலங்களவையில் தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. ஆக, 'எழுதிக் கொடுத்தால் பெண்' என்று எதைக் கண்டு நண்பர் நடுங்குகிறாரோ, அது அந்தச் சட்டத்தில் இருந்ததே இல்லை. இல்லாத கதவுக்குப் பூட்டு கேட்கிறார்.

இருக்கட்டும். சட்டம் படிக்க அவருக்கு நேரமில்லை. செய்தித்தாள் படிப்பார் அல்லவா? நம் மாவட்டத்துத் திட்டக்குடியில் பள்ளி மாணவிகள் இருவரைப் பாலியல் தொழிலில் தள்ளிச் சீரழித்த வழக்கில் 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேருக்குத் தண்டனை விதித்தது. குற்றவாளிகளில் ஒருவர் பாதிரியார். பெண்களும் இருந்தார்கள். இவர்களில் யார் பாலினச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அந்தக் குழந்தைகளை நெருங்கினார்? பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே மாதம் சாகும்வரை சிறைத் தண்டனை பெற்ற 9 பேரில் யார் சேலை கட்டியிருந்தார்? போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்த ஆள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் வாத்தியார், வேன் டிரைவர். பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவனுக்கு வேஷம் எதற்கு? வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆளைப் பற்றி ஒரு வரி எழுத நண்பருக்குக் கை வரவில்லை. எழுதினால் நாளைக்குக் கல்யாண வீட்டில் எதிரே உட்கார வேண்டியிருக்கும். திருநங்கையைப் பற்றி எழுதினால் அந்தச் சங்கடம் இல்லை பாருங்கள்.

டவுன் பஸ் ஏறியிருக்கிறாரா என்றும் கேட்கத் தோன்றுகிறது. 2021இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த சில வாரங்களிலேயே திருநங்கையருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. அன்று முதல் அதே பஸ்ஸில், பெண்கள் பக்கத்திலேயே, அவர்களும் இலவசச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். 2008இலேயே திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் திருநங்கை பிரித்திகா யாஷினிக்கு வழிவிட, அவர் காவல் உதவி ஆய்வாளராகக் காக்கிச் சட்டை போட்டார். நண்பரின் கணக்குப்படி இந்நேரம் தமிழ்நாடு அல்லோலகல்லோலப்பட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் பெண்களை உரசுகிறவன் யார் என்று எந்தக் கல்லூரி மாணவியைக் கேட்டாலும் சொல்வாள்.

'பிள்ளைகளைக் காக்க வேண்டும்' என்ற அவருடைய முழக்கத்துக்கு வயது 150 ஆண்டுக்கு மேல். 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி முழுவதும் வட இந்திய ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது. அன்றும் சொன்ன காரணம் சிறுவர்களைக் கடத்துகிறார்கள் என்பதே. அவர்கள் பெயர்களைப் போலீஸ் பதிவேட்டில் ஏற்றினார்கள். பதிவேட்டில் ஏறியவர் பெண்ணுடையில் தெருவில் நடந்தால் வாரண்ட் இல்லாமலே கைது, இரண்டு ஆண்டு வரை சிறை. காலனி ஆட்சியின் அச்சம், நம்மை ஆண்ட அதே தேசத்திலிருந்து, இப்போது பெண்ணியப் பொட்டு வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. நம் நண்பர் அதை வாசலில் நின்று ஆரத்தி எடுத்து வரவேற்கிறார்.

அவர் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்காட்லாந்து. 2023 ஜனவரியில், வன்புணர்வுக் குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவர், தாம் இப்போது பெண் என்று சொன்னதால் முதலில் பெண்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார். அது தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்நாட்டின் சுய அறிவிப்பு மசோதா அப்போது நடைமுறைக்கே வரவில்லை; பிரிட்டிஷ் அரசு அதே மாதம் அதைத் தடுத்து நிறுத்தியது. சிறைத் துறை தன் சொந்த விதியைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்திச் செய்த பிழை அது. சில நாளில் அந்தக் கைதி ஆண்கள் சிறைக்கு மாற்றப்பட்டார். எவரையும் சிறைக்கோ விடுதிக்கோ அனுப்பும்முன் அவர் குற்ற வரலாற்றைப் பார், அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்தா என்று எடைபோடு என்பதுதான் இதில் பாடம். பெண் கைதிகளுக்கு ஆபத்தான பெண் கைதி விஷயத்திலும் அதைத்தான் செய்ய வேண்டும். 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்நாட்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது பிறப்பால் பெண்ணையே குறிக்கும் என்றதை மேற்கோள் காட்டுகிறவர், இதை ஒரு தரப்பின் வெற்றியாகக் கொண்டாடாதீர்கள் என்றும், திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன என்றும் அதே நீதிமன்றம் சொன்னதை விழுங்கிவிட்டார்.

சரி, பிறப்பைச் சோதித்தே உள்ளே விடுவோம் என்கிறாரே, அந்தச் சோதனை யார் உடம்பில் நடக்கும்? புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்திரராஜனைக் கேட்கலாம். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தோற்றார் என்று பதக்கத்தைப் பிடுங்கினார்கள். பிறகு அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். வாசலில் ஆள் நிறுத்திப் 'பெண்ணா?' என்று கேட்கத் தொடங்கினால், மாட்டப்போவது சேலை கட்டிய கயவன் அல்ல. முடியை ஒட்ட வெட்டிய, தோள் அகன்ற, குரல் கனத்த நம் வீட்டுப் பெண்தான். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும், தாடி மீசையோடு இருக்கும் திருநம்பியை இந்த விதி பெண்கள் கழிப்பறைக்கே அனுப்பும். நண்பர் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

அக்கறை உண்மையென்றால் அவருடைய நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே வேலை கிடக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் 2013இலேயே வந்தது. ஒப்பந்தப் பெண் தொழிலாளரும் உள்புகார்க் குழுவுக்குப் போகலாம் என்பது அதில் இருக்கிறது. தோட்ட வேலைக்கும் கூட்டிப் பெருக்கவும் வரும் பெண்களில் எத்தனை பேருக்கு அந்தக் குழுவில் இருப்பவர் பெயர் தெரியும் என்று விசாரித்து எழுதட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தன் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாரா என்று பார்க்கட்டும்.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியவர் கடைசிவரை சொல்லாத ஒன்று உண்டு. பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரை சிறை. அதே கொடுமையைத் திருநங்கைக்குச் செய்தால் 2019 சட்டம் வைத்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான்.