பெரியவர்கள் தோளுக்கு ஏற்ற லாப்டாப்

"அப்பா அம்மாவுக்கு ஒரு லாப்டாப் வாங்கித் தரணும், எதைப் பார்த்து வாங்கறது?" என்று கேட்கும் சகோதரிகள் இப்போது அதிகம். கடைக்காரர் சொல்லும் கணக்கெல்லாம் அப்புறம் இருக்கட்டும். முதலில் பெரியவர்களின் தோள், கண், விரல் இந்த மூன்றின் சௌகரியத்தைப் பாருங்கள் என்பேன் நான்.

என் அப்பாவுக்கு வயது 72. ஆறு மாதம் மதுரையில் எங்களோடு, ஆறு மாதம் புனேயில் தம்பி வீட்டில். பென்ஷன் கணக்கு, பத்திரிகை படிப்பது, பேத்தியோடு முகம் பார்த்துப் பேசுவது, ஊர்ச் சரித்திரம் எழுதுவது எல்லாம் லாப்டாப்பில்தான். வலது தோளில் இறுக்கம் வந்த பிறகு, "இந்த மூட்டையைத் தூக்கிக்கிட்டு இனி நான் எங்கேயும் வரலைம்மா" என்று சொல்லிவிட்டார். வைத்துவிட்டுப் போங்களேன் என்றால், "அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் உங்க கையைத்தானே எதிர்பார்க்கணும்?" என்றார். ஆகவே, லேசான லாப்டாப்பை ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். பெரியவர்களின் பிரயாணமும் சுதந்திரமும் அதில் அடங்கியிருக்கின்றன.

எடை: 15.6 அங்குலத் திரையுள்ள சாதாரண லாப்டாப், சார்ஜரோடு சேர்ந்தால் பெரும்பாலும் 2 கிலோவைத் தொட்டுவிடும். 14 அங்குலத்தில் 1.2 முதல் 1.4 கிலோவுக்குள்ளேயே கிடைக்கிறது. கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பையில் 2 கிலோ அரிசி, இன்னொன்றில் ஒன்றரைக் கிலோ போடுங்கள். ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கூடத்தில் பத்து நடை நடக்கட்டும். தோளே பதில் சொல்லிவிடும்.

கண்: லேசாக வேண்டுமென்று 11 அங்குலத்துக்கு இறங்கிவிடாதீர்கள். 14 அங்குலத் திரையில் எழுத்தை 125, 150 சதவீதம் என்று பெரிதாக்கிக்கொள்ளலாம். அம்புக்குறியையும் பெரிதாக்கலாம். கண்ணாடி போல் பளபளக்கும் திரையில் ரயில் ஜன்னல் வெளிச்சம் எதிரடிக்கும். மங்கலான பூச்சுள்ள மேட் திரைதான் கண்ணுக்கு இதம்.

விரல்: பெரியவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். மூடியைத் திறக்கட்டும், நாலு வரி தட்டட்டும். எழுத்துக்களுக்குக் கீழே விளக்கு எரியும் கீபோர்டு, மாலை நேரத்தில் பெரிய உதவி. விரல் ரேகை வைத்துத் திறக்கும் வசதி இருந்தால் பாஸ்வேர்ட் மறந்து தவிக்க வேண்டாம். தமிழில் எழுதுபவரானால், தமிழ் 99 போன்ற அவருக்குப் பழகிய முறையைப் போட்டுக்கொடுத்து விடுங்கள்.

பிரயாணம்: டைப்-சி சார்ஜரில் ஓடும் லாப்டாப்பாகப் பாருங்கள். அதே சார்ஜரிலேயே டைப்-சி செல்போனையும் போட்டுக்கொள்ளலாம், ஒரு சுமை குறையும். வெளிநாடு போகிறவர்கள் சார்ஜரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டால், அந்த நாட்டு பிளக்குக்கு ஏற்ற அடாப்டர் மட்டும் போதும். விமானத்தில் லாப்டாப்பையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

"பையனோட பழசு சும்மாதானே கிடக்கு, அதையே கொடுத்துடலாமே" என்று தோன்றும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழையது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்க்காமல், பாங்க் வேலை செய்யும் பெரியவர் கையில் கொடுக்காதீர்கள். புதிதாக வாங்கினால் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி குறைந்தபட்சம். கையில் பணம் இருந்தால் 16 ஜிபி ராம் நெடுநாள் உழைக்கும்.

அப்பாவுக்கு 1.3 கிலோவில் ஒன்று அமைந்தது. புனே டிக்கெட்டை அவரே அதில் போட்டுக்கொண்டார்.

வாங்கியபின் ஒரு வேண்டுகோள். "குடுங்க, நான் பண்ணித் தரேன்" என்று கையிலிருந்து பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலாலேயே செய்யவிடுங்கள். "போலீஸ் பேசறோம், பணம் அனுப்பு" என்று யார் மிரட்டினாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு நம்மைக் கூப்பிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே புகார் செய்ய வேண்டிய எண் 1930. அதைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, லாப்டாப் பையிலேயே வைத்துவிடுங்கள்.