வீடியோ பாடம் நடுவுல சுத்துற வட்டம்... 'டவுன்லோடு' பட்டன் இருந்தா என்ன மாறும்?

அரை மணி நேர கணக்குப் பாடம். பத்தாவது நிமிஷம் ஸ்கிரீன் நடுவே வட்டம் சுத்த ஆரம்பிக்குது. மறுபடி ஓடும்போது போர்டுல இருக்கிறது 3-ஆ, 8-ஆன்னே தெரியலை. மலைக் கிராமத்து மாணவர்களுக்கு இது புதுசு இல்லை. 2020 லாக்டவுனில் சிக்னலுக்காக மரத்தில் ஏறி உட்கார்ந்தவர்களை செய்திகளில் பார்த்தோமே!

டவர் வந்தால்தான் தீருமா?

டவர் வேண்டும்தான். ஆனால், வீடியோவை எந்த வடிவத்தில் கொடுக்கிறோம் என்பதும் பாதி பிரச்னை.

ஸ்ட்ரீமிங்கில் வீடியோ சில விநாடித் துண்டுகளாக வருகிறது. நெட் மந்தமானால் அடுத்த துண்டின் தரம் குறைகிறது. சினிமா பாட்டு என்றால் பரவாயில்லை. பாடத்தில் எழுத்தே போய்விடும். டவுன்லோடில் இந்தச் சிக்கல் இல்லை. ராத்திரி 2 மணிக்கோ, சந்தைக்கு வந்த இடத்திலோ சிக்னல் கிடைக்கிறப்போ இறக்கிக்கலாம். மெதுவாக வந்தாலும் முழுத் தரத்தில் வரும். சர்வர் அதற்கு இடம் கொடுத்தால், நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

ஒரு சின்ன கணக்கு. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் அரை மணி நேர வீடியோவுக்கு சுமார் 225 எம்பி டேட்டா ஆகும். புரியாமல் மூணு தடவை ஸ்ட்ரீம் பண்ணினால் 675 எம்பி. அன்றைய டேட்டா பேக்கில் பெரிய பங்கு காலி! ஃபைலாக இருந்தால் ஒரே தடவை 225 எம்பியோடு முடிஞ்சது. ஒருத்தர் இறக்கி, பென் டிரைவில் போட்டு 40 பேருக்குக் கொடுத்தாலும் அதே 225-தான்.

தமிழ்நாட்டில் இது நடந்திருக்கிறது. 2020 ஜூலையில், பிளஸ் 2 மாணவர்களின் அரசு லேப்டாப்களில் பள்ளி ஹைடெக் லேப் மூலம் வீடியோ பாடங்களை ஏற்றிக்கொடுக்கும் திட்டம் தொடங்கியது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் தளத்திலும் வகுப்புகளை ஃபைலாகவே இறக்கலாம்.

ஆப்லயே 'ஆஃப்லைன்' இருக்கே?

இங்கதான் பலர் ஏமாறுறாங்க. ஆப் சேமிப்பது அந்த ஆப்புக்குள் மட்டும் திறக்கும் பூட்டிய பிரதி. 2014 டிசம்பரில் இந்தியாவில் யூடியூப் ஆஃப்லைன் வசதி வந்தபோது, நெட் இல்லாமல் 48 மணி நேரம்தான் பார்க்க முடியும். வாரம் ஒருமுறை கீழே இறங்கி வருபவருக்கு 48 மணி நேரம் எதுக்கு ஆகும்? பக்கத்தில் இருப்பவருக்கு நெட் இல்லாமலே வீடியோ அனுப்ப விட்ட 'யூடியூப் கோ' ஆப்பையும் 2022 ஆகஸ்டில் நிறுத்திட்டாங்க.

நிறுவனங்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கு. ஃபைல் கைமாறினால் எத்தனை பேர் பார்த்தாங்கன்னு தெரியாது, விளம்பரம் ஓடாது, புதுப் படம் என்றால் திருட்டுப் பிரதி பயம். சினிமாவுக்கு இது நியாயம். மக்கள் வரிப்பணத்தில் எடுத்த பாடத்துக்கு? திருட்டுப் போகவே அதில் ஒன்றும் இல்லை. எத்தனை பேருக்குக் கைமாறுதோ, அத்தனைக்கு லாபம். அரசுப் பாட வீடியோக்களின் கீழே, எத்தனை எம்பி என்ற அளவோடு டவுன்லோடு பட்டன் வைக்க பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

இப்போதைக்கு ஒரு டிப்ஸ்: ஊருக்குத் திரும்ப பஸ் ஏறும் முன், போனை ஃப்ளைட் மோடில் போட்டு, இறக்கிய வீடியோ ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.