வருந்துவதும் மன்னிப்புக் கேட்பதும்

"ரிக்ரெட்டும் அப்பாலஜியும் ஒண்ணுதானே, இதுக்கா இத்தனை ரகளை?" 2018 ஜனவரியில் நம் இலக்கிய நண்பர்கள் பலர் இப்படித்தான் கேட்டார்கள். பேச்சு வந்தால் இப்போதும் கேட்கிறார்கள். வேறு யார் கேட்டாலும் விட்டுவிடுவேன். சொல்லை வைத்துப் பிழைக்கிறவர்கள் கேட்பதுதான் எனக்கு எரிச்சல்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் தினமணி நடத்திய விழாவில் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' கட்டுரையை வாசித்தார். ஆண்டாளைத் தேவதாசி என்று சொல்லும் ஓர் ஆங்கில ஆய்வு வரியை அதில் எடுத்துக்காட்டினார். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது. யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாகக் கவிஞர் சொன்னார். வருத்தம் போதாது, மன்னிப்பு வேண்டும் என்று ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்.

ஒருவரை மிரட்டி வாங்கும் மன்னிப்பை நான் மன்னிப்பாகவே எண்ணமாட்டேன். அந்த நாட்களில் மிரட்டலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு சொல் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

ரிக்ரெட்டுக்கு எதிரே ஒரு ஆள் நிற்க வேண்டியதில்லை. மழையால் மேட்ச் நின்றால்கூட ரிக்ரெட் பண்ணலாம். அதற்குப் பின்னால் 'டு' வந்தால், இனிமேல் சொல்லப்போகிற கெட்ட செய்தி. உங்களுக்கு வேலை இல்லை என்று வரும் கடிதம் அந்த ரகம். 'இங்' வந்தால், செய்து முடித்துவிட்ட காரியம். அப்பாலஜைஸ் அப்படி விடாது. யாரிடம், எதற்காக என்று இரண்டு இடத்தையும் நிரப்பச் சொல்லும். மழைக்காக அப்பாலஜைஸ் பண்ண மேகத்தால்தான் முடியும்.

அரசாங்கங்களுக்கு இந்த இலக்கணம் அத்துப்படி. ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்கு இழைத்த அநீதிக்காக 1999-இல் ஜான் ஹோவர்ட் கொண்டுவந்த தீர்மானத்தில் இருந்தது ரிக்ரெட். மன்னிப்புச் சொல்ல 2008-இல் கெவின் ரட் வர வேண்டியிருந்தது. ஜாலியன்வாலாபாக் நூற்றாண்டில், 2019-இல், தெரசா மே நாடாளுமன்றத்தில் சொன்னதும் ரிக்ரெட்தான். இவங்களுக்கெல்லாம் வித்தியாசம் தெரியாமலா?

இங்கிலீஷை விடுங்கள், நம்ம தமிழ் இன்னும் கறார். வருந்து என்பது தன்வினை, வருத்து பிறவினை. 'வருந்துகிறேன்' என்று சொன்னதும் துன்பப்படுகிறவர் சொன்னவராகிவிடுகிறார். 'வருத்தினேன்' என்று யாராவது அறிக்கை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. கூடவே ஒரு 'இருந்தால்' சேர்த்துவிட்டால் அந்தத் துன்பமும் சந்தேகத்துக்குரியது. 'பொறுத்துக்கோங்க' என்பதைப் பாருங்கள். எதிரே ஆள் இல்லாமல் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே முடியாது.

கவிஞருக்கு முன்னால் நேர்மையான வழிகள் இரண்டு இருந்தன. வரி சரி என்று நினைத்தால் வருந்தாமல் நின்றிருக்கலாம். எழுத்தாளனுக்கு அந்த உரிமை உண்டு, நானும் கூட நின்றிருப்பேன். தப்பு என்று நினைத்தால் ஆளைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒதுங்க இடம் கொடுப்பதுதான் 'வருந்துகிறேன்'.

இதே ஜாதியில் இன்னொரு ஜோடி உண்டு: திருந்து, திருத்து. யாரும் திருந்த வேண்டாம். வரியைத் திருத்த வேண்டுமா என்றாவது பார்த்தோமா? அந்த நூலை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் வெளியிட்டதாக மேடையில் சொல்லப்பட்டது. வெளியிட்டது சிம்லாவில் இருக்கும் இந்திய உயர் ஆய்வு நிறுவனம், 1978-இல். சுபாஷ் சந்திர மாலிக் அதன் பதிப்பாசிரியர். அந்த வரி வரும் கட்டுரை எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும் சேர்ந்து எழுதியது. ஆண்டாளைப் பற்றி அப்படிச் சொல்ல அவர்களிடம் என்ன ஆதாரம் இருந்தது? வருந்தினாரா, மன்னிப்புக் கேட்டாரா என்று வாரக்கணக்கில் சண்டை போட்ட இரண்டு கட்சியிலும் இதைக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.