அளந்த பிள்ளையும் அளக்காத பிள்ளையும்

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்றொரு சிறிய நாடு. அங்கே 1986, 2001, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தை நாடு முழுவதும் அளந்து கணக்கெடுத்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே அளக்க வைத்தார்கள். ஸ்பானிஷில் உயரத்துக்கு 'தாயா' என்று பெயர். பிரெஞ்சில் அது 'தாய்'. நம் ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் மறந்திருக்காது.

கேள்வி கேட்பதை விட உயரம் அளப்பது மேல் என்பது என் கட்சி. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டால், வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையும் வெட்கப்பட்டு, பக்கத்துப் பையன் சொன்னதையே சொல்லும். உயரம் அப்படி மழுப்பாது. ஆனால் பிள்ளையின் வயது சரியாகத் தெரிய வேண்டும். காலமெல்லாம் படிவங்களோடு மல்லுக்கட்டிய குமாஸ்தா சொல்கிறேன், முதலில் தப்பாவது வயதுக் கட்டம்தான். இன்னொன்று, பெற்றோருடன் காப்பித் தோட்டத்துக்குப் போன பிள்ளை அன்றைக்கு வகுப்பில் இருக்காது. கணக்கிலும் இருக்காது.

2008 கணக்கெடுப்பில் 100க்கு 45 பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். சரி, அளந்தாயிற்று. அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

இதற்கு விடை அதே நாட்டில் முன்பே கிடைத்திருக்கிறது. கிழக்கே, ஸ்பானிஷ் பேசும் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு ஊர்களில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் 'அத்தோலே' என்ற புரதச் சத்துள்ள கஞ்சி கொடுத்தார்கள். மற்ற இரண்டில் புரதம் இல்லாத இனிப்புப் பானம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பின் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு வயது வரை கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி சராசரியாக 46 சதவீதம் அதிகமாக இருந்ததென்று 2008இல் எழுதினார்கள். மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

ஆக, ஏழு வயதுப் பிள்ளையை நிறுத்தி அளக்கும்போது நமக்குத் தெரிவது அதன் தொட்டில் காலம். போன உயரத்தைப் பள்ளிக்கூடத்தில் திருப்பித் தருவது கடினம். காப்பாற்ற வேண்டியது, அந்த வீட்டில் இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கும் தம்பியையோ தங்கையையோ.

அதனால் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டச் சொல்வேன்: "வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா?" உண்டென்றால், அந்த மாதமே சுகாதார ஊழியர் அந்த வீட்டுப் படியேற வேண்டும். ஆசிரியருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை, கணக்கெடுப்பு என்பது நாட்டுத் திட்டத்துக்குத்தான் என்பார்கள். வாஸ்தவம். ஆனால் திட்டம் தலைநகரில் தயாராகி ஊர் வந்து சேர்வதற்குள் தவழும் குழந்தைக்கு மூன்று வயது முடிந்துவிடும்.

அளந்த கணக்கு தலைநகருக்குப் போகட்டும். அதில் ஒரு நகல் தாயின் கைக்கும் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வரவேண்டும்.