வைத்தியர்களே, வெறுங் காகிதத்தைக் காப்பென்று நம்பாதீர்!

"நோயாளி வழக்குத் தொடுத்தால் நட்டஈட்டை நாங்கள் இறுப்போம், கட்டுப்பணமோ சொற்பம், இன்றே செலுத்தினாற் பாதி" என்று தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வைத்தியர்களை நாடுவோர் எல்லோரும் காப்புறுதி நிறுவனத்தார் அல்லர். பணத்தைப் பறித்துக்கொண்டு மறையும் மோசக்காரரும் அவர்களுள் உளர். அன்னார் கொடுக்கும் பத்திரத்தில் முத்திரையுண்டு, கையொப்பமுண்டு; காப்பு மட்டும் இல்லை.

இது வைத்தியர்களின் பணப்பையைப் பற்றிய விஷயந்தானே என்று கமக்கார அன்பர்கள் இருந்துவிடலாகாது. தவறான சிகிச்சையாற் காலிழந்த ஒருவர் வழக்கில் வென்றாலும், தீர்ப்புத் தொகையை இறுக்க வைத்தியரிடம் வசதியும் இல்லை, மெய்யான காப்புறுதியும் இல்லையெனின், அவர் கையில் எஞ்சுவது தீர்ப்பின் பிரதி ஒன்றே. போலிப் பத்திரம் வைத்தியரை ஒருமுறையும் நோயாளியை மறுமுறையும் ஏமாற்றுகிறது.

வழக்கு வராதென்று எண்ணுவோர் பேராசிரியர் பிரியாணி சொய்சா வழக்கை நினைவுகூர்க. 1992இல் இறந்த ஒரு சிறுமியின் தந்தை தொடுத்த அவ்வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தொகையைப் பெரிதுங் குறைத்தது. கவனயீனமே மரணத்திற்குக் காரணமென்பது நிரூபிக்கப்படவில்லையென்று கூறி, 2001இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. முடிவில் வென்ற வைத்தியரும் மூன்று நீதிமன்றங்களின் படியேற நேர்ந்ததன்றோ? அரசாங்க வைத்தியசாலையிற் கடமை புரிகையில் நேரும் தவறுக்கு அரசும் பொறுப்பாளியாக நிறுத்தப்படலாம். மாலையில் தனியார் சிகிச்சை நடத்துகையில் அந்த நிழலும் இல்லை. அந்த அச்சத்தையே மோசக்காரர் முதலாக்குகின்றனர்.

விதைநெல்லை முளைகட்டிப் பாராமல் எந்தக் கமக்காரரும் வயலில் எறிவதில்லை. அந்த விவேகம் படித்தவர்க்கும் வேண்டும். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி, பதிவு பெறாத எவரும் இந்நாட்டிற் காப்புறுதித் தொழில் நடத்த முடியாது. ஆகவே முதலில், பத்திரம் வழங்கும் நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். வந்தவர் தரகராயின் அவர் பதிவையும் அங்கேயே கேளுங்கள். முகவராயின், அவர் தந்த தொலைபேசி இலக்கத்தை விடுத்து, நிறுவனத்தின் தலைமைச் செயலகத்தோடு நேரே பேசுங்கள். பணத்தை நிறுவனத்தின் பெயருக்கன்றித் தனியாள் கணக்கிற் செலுத்தாதீர்கள்.

இரண்டாவது, முன்னைய முறைப்பாடுகள் உண்டோ என்ற வினாவுக்கு "இல்லை என்றே எழுதுங்கள்" என்று தூண்டுபவரை வாசலோடு அனுப்புங்கள். காப்புறுதி ஒப்பந்தம் முழு நேர்மையின்மீது நிற்பது. உண்மையை ஒளித்தால், மெய்யான நிறுவனமும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளும்.

மூன்றாவது, காலத்தைப் பாருங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இத்தகைய வழக்குகளுக்குப் பொதுவாக இரண்டாண்டுத் தவணை கொடுக்கிறது. நோயாளி பராயமடையாதவராயின் அத்தவணை மேலும் நீளலாம். சில பத்திரங்களோ, அவை நடைமுறையிலிருக்கும் காலத்திற் கிடைக்கும் கோரிக்கைக்கு மட்டுமே பணந்தரும். இவ்வாண்டுச் சிகிச்சைக்கு அடுத்த ஆண்டு வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்திற் பெறுங்கள்.

இவற்றையெல்லாம் தமிழிற் கேளுங்கள். 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆகவே அரச ஆணைக்குழு தமிழருக்குத் தமிழில் விடையளிப்பது சலுகையன்று. அது நம் உரிமை. பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் தமிழிற் பெற்று, வடக்கு கிழக்கின் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் ஒட்டுவது நம் வைத்தியர் சங்கங்களின் கடமை. விளங்காத மொழியில் எழுதிய பத்திரத்திற் கையொப்பமிடும் வழக்கம் ஒழியும் நாளிலேயே மோசக்காரரின் கடையும் மூடப்படும்.